பிழிந்த பிறகே சூடு: வீட்டு டிரையரும் திருப்பூர்க் கணக்கும்

(திருப்பூரில் நடந்த நுகர்வோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு சின்னது. வீட்டில் துணி காயவைக்கிற மிஷின் கெட்டுப்போனால் ரிப்பேர் பார்ப்பதா, புதுசு வாங்குவதா என்பதுதான் கேள்வி. இதைத் திருப்பூரில் வந்து பேசுவது கொஞ்சம் துணிச்சல்தான். ஈரத் துணியோடு மல்லுக்கட்டியே வளர்ந்த ஊர் இது. சாயம் ஏற்றிய துணி தொட்டியை விட்டு வெளியே வந்ததும் என்ன செய்கிறோம்? முதலில் ஹைட்ரோவில் போட்டுச் சுற்றித் தண்ணீரை வடிக்கிறோம். அதற்கப்புறம்தான் டிரையர், துணியை அகலவாக்கில் பிடித்துச் சூட்டில் ஓட்டுகிற ஸ்டென்டர். கடைசியில் துணியை நெருக்கி அமுக்குகிற காம்பாக்டிங். இந்த வரிசையை மாற்றிச் செய்கிற முதலாளி யாரும் இல்லை.

டிரையரிலிருந்து துணி ஈரமாக வந்தால் ஆபரேட்டர் உடனே மிஷினைக் குறை சொல்வதில்லை. ஃபில்டரைத் திறந்து பார்ப்பார். எக்ஸாஸ்ட் சரியாக இழுக்கிறதா என்று பார்ப்பார். "ஹைட்ரோவுல சரியா ஓட்டுனீங்களா?" என்று பக்கத்து ஆளைக் கேட்பார். மிஷினையே மாற்றுகிற பேச்சு அதற்கெல்லாம் பிறகுதான். அதே ஆபரேட்டர் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறார். வீட்டம்மா சொல்கிறார்: "ஏனுங்க, மிஷின் சுத்துதுங்க, துணி மட்டும் காயவே மாட்டேங்குது." இவர் என்ன பதில் சொல்கிறார் தெரியுமா? "பழசாயிடுச்சு, எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கலாம் விடு." கம்பெனியில் கடைசியாக வருகிற யோசனை வீட்டில் முதலாவதாக வந்து நிற்கிறது.

துணி காய்வதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன: பிழிவது, காற்றை ஓட்டுவது, சூடேற்றுவது. இதில் எந்த வேலை நின்றுபோனது என்று பார்க்காமல் மிஷினை மாற்றாதீர்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் பிழிவதும் சூடேற்றுவதும் செலவில் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, தண்ணீரைச் சூடேற்றுகிற செலவைத் தனியாக வைத்துவிட்டாலும், ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் அது 0.63 யூனிட். இது இயற்கையின் விலை. எந்தக் கம்பெனி ஹீட்டரும் இதில் தள்ளுபடி தர முடியாது. அதே ஒரு லிட்டர் தண்ணீரைச் சுற்றிப் பிழிந்து வெளியேற்றினால் ஆகிற மின்சாரம் இதில் ஒரு சிறு துளிதான்.

5 கிலோ காட்டன் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங் மிஷின் 1,400 சுற்றில் பிழிந்தால் துணியில் அதன் எடையில் பாதியளவு, அதாவது இரண்டரை லிட்டர் தண்ணீர் தங்கும். 800 சுற்றில் பிழிந்தால் மூன்றரை லிட்டர் வரை தங்கும். அந்த அதிகப்படி ஒரு லிட்டரை டிரையர்தான் சூடுவைத்து விரட்ட வேண்டும். ஆக, "டிரையர் முன்னே மாதிரி இல்லீங்க, ரெண்டு தடவை ஓட்ட வேண்டியிருக்கு" என்று புகார் வரும்போது, குற்றவாளி பல சமயம் டிரையர் இல்லை. பக்கத்தில் நிற்கிற வாஷிங் மிஷின் சரியாகப் பிழியாமல் விட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம், தராசு போதும். காய்ந்த துணியை எடை போட்டு எழுதி வையுங்கள். துவைத்துப் பிழிந்ததும் மறுபடி எடை போடுங்கள். எடை ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் போனால் பிழிகிற இடத்தில் கோளாறு. ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்த்துத் துணி வாங்குகிற ஊருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

தண்ணீரை ஆவியாக்க எவ்வளவு செலவு ஆகும் என்பது இந்த ஊருக்குப் பாடப் புத்தகத்திலிருந்து வந்த அறிவும் இல்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது நினைவிருக்கும். நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடாத நிலைக்கு வந்தால்தான் திறக்கலாம் என்றது. அதற்குப் பிறகு சாயத் தண்ணீரில் பெரும்பகுதியைச் சவ்வுகளால் வடிகட்டித் திரும்ப எடுத்துக்கொண்டு, மிச்சமாக நிற்கும் உப்புக் கரைசலை மட்டும் எவாபரேட்டரில் வற்றவைக்கிறோம். முழுத் தண்ணீரையும் வற்றவைப்பது யாருக்கும் கட்டுப்படி ஆகாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஓடும் சில எவாபரேட்டர்கள், எழும்பிய ஆவியை அமுக்கி அதன் சூட்டையே திரும்பப் பயன்படுத்துகின்றன. வீட்டுக்கு வரும் ஹீட் பம்ப் டிரையரிலும் இதே யோசனைதான் வேலை செய்கிறது: ஈரக் காற்றிலிருந்து சூட்டைப் பிடுங்கி, அதே சூட்டைத் திரும்பத் துணிக்கு ஊட்டுவது. சாதாரண ஹீட்டர் டிரையர் 8 கிலோ துணிக்கு 4 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். ஹீட் பம்ப் டிரையர் அதே வேலையை 2 யூனிட் அளவில் முடிக்கும். புதிதாக வாங்குவதாக முடிவானால் இந்த வித்தியாசத்தைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். நம் மின் கட்டணம் இரண்டு மாதக் கணக்கில் படிப்படியாக ஏறுகிற கட்டணம். 500 யூனிட் எல்லையைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் இருந்த சலுகையும் குறையும். எல்லை ஓரத்தில் நிற்கும் வீட்டை அந்தப் பக்கம் தள்ளிவிட ஒரு ஹீட்டர் டிரையர் போதும்.

இனி பழுதுகளுக்கு வருவோம். நம் வீடுகளில் டிரையர் என்று அழைக்கப்படுபவை இரண்டு. பெரும்பாலான வீடுகளில் இருப்பது செமி ஆட்டோமேட்டிக் மிஷினின் இரண்டாவது தொட்டி. அதில் சூடே கிடையாது, வெறும் சுழற்சிதான். இன்னொன்று, மொட்டை மாடி கிடைக்காத அபார்ட்மென்டுகளுக்கு இப்போது வரத் தொடங்கியிருக்கும் சூடு டிரையர்.

முதலாவதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அந்தச் சின்னத் தொட்டி நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் துணியிலிருக்கும் தண்ணீரைப் புவியீர்ப்பைப் போல 200 மடங்குக்கு மேற்பட்ட விசை வெளியே தள்ளுகிறது. நம் ஹைட்ரோவின் குட்டித் தம்பி என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூடியை மூடினால்தான் சுற்றும். மூடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் ஒரு கம்பி தளர்ந்து, அடியில் மோட்டார் தண்டைச் சுற்றியிருக்கும் டிரம்மில் பிரேக் கட்டை போய்ப் பிடிக்கும். மூடினால் அதே கம்பி இழுபட்டுப் பிரேக் விலகும். மோட்டாருக்குத் தொடக்க உந்துதல் கொடுக்க ஒரு கெப்பாசிட்டர் உண்டு. அவ்வளவுதான் அதன் உடம்பு.

இப்போது டைமரைத் திருப்புகிறீர்கள், சத்தமே இல்லை. மூடி ஸ்விட்ச், டைமர், ஒயர் இந்த மூன்றில் ஒன்று. டைமரைத் திருப்பியதும் "ம்ம்ம்" என்று உறுமுகிறது, சுற்றவில்லை. பிளக்கைக் கழற்றுங்கள். பிரேக் விலகுகிற மாதிரி மூடியை மூடியபடியே, மிஷினின் பின்பக்கத் தகட்டைக் கழற்றிக் கீழே இருக்கும் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் கெப்பாசிட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். இறுக்கமாக இருந்தால் பிரேக் கம்பி அறுந்திருக்கும், அல்லது ஒரு சாக்ஸோ கைக்குட்டையோ உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் விழுந்து சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றும்போது கீழே தண்ணீர் கசிந்தால் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது. இதில் எதுவுமே மிஷினைப் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய வியாதி இல்லை. எல்லாம் எலக்ட்ரிகல் கடையில் தொங்குகிற சாமான்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் அதன் முனைகளைத் தொடவே கூடாது. சீல் கசிகிற மிஷினை "இன்னும் ரெண்டு நாள் ஓடட்டும்" என்று விடுவதும் ஆபத்து. தண்ணீர் சொட்டுவது மோட்டார் மேல்.

சூடு டிரையருக்குள் இருப்பவை வேறு. டிரம், அதைச் சுற்றும் பெல்ட், அதைத் தாங்கும் ரோலர், ஒரு விசிறி, ஒரு ஹீட்டர், சூடு எல்லை மீறினால் மின்சாரத்தை வெட்டும் தெர்மல் ஃபியூஸ். மோட்டார் ஓடுகிறது, டிரம் சுற்றவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கும். கிறீச்சென்று கத்தினால் ரோலர். இடையிலேயே நின்று, துணி ஈரமாகவே இருந்தால் டிரம்முக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகளைப் பாருங்கள். ஈரத்தை அளப்பவை அவை. துணி மென்மைக்காக ஊற்றும் திரவம் அதில் மெழுகு போலப் படிந்துவிட்டால், துணி காய்ந்துவிட்டதாக மிஷின் தப்பாக முடிவு செய்துவிடும். கொஞ்சம் வினிகர் தொட்ட துணியால் துடைத்தாலே பாதி மிஷின்கள் சரியாகிவிடும்.

டிரம் சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை என்ற புகாரில்தான் மெக்கானிக்கின் திறமை தெரியும். மல்டிமீட்டர் வைத்துத் தெர்மல் ஃபியூஸ் போயிருப்பதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. அது ஏன் போனது என்று கேட்பவர்தான் மெக்கானிக். ஃபில்டரில் பஞ்சு அடைத்திருக்கும். வெளியேற்றும் குழாய் வளைந்து நசுங்கியிருக்கும். காற்று போக வழியில்லை, சூடு உள்ளேயே தேங்கியது, ஃபியூஸ் தன் கடமையைச் செய்தது. வழியைச் சுத்தம் செய்யாமல் புது ஃபியூஸ் போட்டால் அடுத்த வாரம் அதுவும் போகும். "இனிமே தொந்தரவே வராதுங்க" என்று ஃபியூஸைத் தாண்டி ஒயரை நேராக இணைத்துவிட்டுப் போகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர் ரிப்பேர் செய்யவில்லை, தீ விபத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறார்.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான காலத்தை ஆராய்ந்து, அந்த நாட்டு வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் நடப்பதாக மதிப்பிட்டது. முதல் காரணமாக அது சொன்னது, சுத்தம் செய்யாமல் விட்டது. லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 2016 ஆகஸ்ட் 19 அன்று ஒரு பதினெட்டு மாடிக் குடியிருப்பு தீப்பற்றியது. காரணம் ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த இன்டெசிட் டிரையர். அந்தக் கம்பெனியை வாங்கியிருந்த வேர்ல்பூல், பஞ்சு ஹீட்டரில் பட்டுப் பற்றிக்கொள்ளும் குறைபாடு இருப்பதாக 2015-லேயே அறிவித்து மாற்றியமைக்கும் வேலையைத் தொடங்கியிருந்தது. பிரிட்டிஷ் அரசின் நெருக்குதலுக்குப் பிறகு 2019-ல் மாடல்களைத் திரும்பப் பெறத் தொடங்கியது. நிட்டிங் ஹாலில் பறக்கிற பஞ்சு எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பது நமக்குத் தெரியும். கம்பெனியில் ஷிப்டுக்கு ஒரு முறை மிஷினுக்குக் காற்று அடித்துச் சுத்தம் செய்கிறோம். வீட்டு டிரையரின் ஃபில்டரை ஒவ்வொரு தடவை ஓட்டிய பிறகும் கையால் துடைத்து எடுப்பது ஒரு நிமிஷ வேலை. ஹீட் பம்ப் டிரையராக இருந்தால் உள்ளே இருக்கும் ஃபின்களிலும் பஞ்சு படியும். அதையும் மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கும் வீட்டு டிரையருக்கும் இன்னொரு உறவு உண்டு. பலர் அதை யோசித்திருக்க மாட்டீர்கள். 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வந்தார், அதிலிருந்து எக்ஸ்போர்ட் தொடங்கியது என்று ஊரில் சொல்வார்கள். அந்த நாள் தொட்டு நாம் தைக்கிற பனியன் போய்ச் சேருகிற வீடுகளில் கொடியில் துணி காயவைப்பவர்களும் உண்டு, டிரையரில் போடுபவர்களும் உண்டு. நிட்டிங் துணி டிரையரில் புரளும்போது, நீளவாக்கில் இழுபட்டுக் கிடந்த லூப்பெல்லாம் தளர்ந்து தன் இயல்புக்குத் திரும்பும். அதுதான் ஷ்ரிங்கேஜ். எனவே திருப்பூர் டெஸ்டிங் லேபுகளில் வீட்டு மாதிரி வாஷிங் மிஷினும் டிரையரும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஐஎஸ்ஓ 6330 என்ற தர விதி துணியைக் காயவைக்கும் முறைகளை வரிசைப்படுத்துகிறது: கொடியில் போடுவது, சொட்டச் சொட்டத் தொங்கவிடுவது, தரையில் விரிப்பது என்று போய், டிரையரில் புரட்டுவது வரை. துணியில் 50 சென்டிமீட்டர் அளந்து குறியிட்டு, துவைத்துக் காயவைத்து, மறுபடி அளப்பார்கள். 47.5 வந்தால் 5 சதவீதம் சுருங்கியது என்று பொருள்.

அந்த லேப் டிரையர் அளவுக்கு மீறிச் சூடேறினால்? நல்ல துணி ஃபெயில் ஆகும், ஷிப்மென்ட் நிற்கும். சூடு குறைந்தால் சுருங்கும் துணி பாஸ் ஆகிக் கப்பலேறும், பிறகு கிளெய்ம் வரும். அதனால்தான் அந்த டிரையருக்கு கேலிபிரேஷன் சர்டிஃபிகேட் உண்டு, லாக் புக் உண்டு. துணிக்குள் தைக்கிற கேர் லேபிளில் சதுரத்துக்குள் வட்டமும் வட்டத்துக்குள் ஒரு புள்ளியும் இருந்தால் 60 டிகிரி வரை, இரண்டு புள்ளி இருந்தால் 80 டிகிரி வரை என்று கணக்கு. அந்த லேபிளை லட்சக்கணக்கில் தைத்து அனுப்புகிற நாம், நம் வீட்டு டிரையரில் துணி போடும்போது அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. டிரையர் துணியைச் சுருக்குகிறது, கெட்டுவிட்டது என்று வரும் புகார்களில் ஒரு பகுதிக்கு மருந்து இந்த லேபிளில் இருக்கிறது.

சரி, எப்போதுதான் மாற்றுவது? சிலவற்றை ரிப்பேர் செய்யவே கூடாது. ஒயரிங்கில் கருகிய தடம், மின் பாகங்களுக்கு அருகே துருப்பிடித்து ஓட்டை விழுந்த உடம்பு, கம்பெனியே திரும்பப் பெறச் சொன்ன மாடல், இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பரிசோதனை செய்யாதீர்கள். சிலவற்றை ரிப்பேர் செய்வதில் லாபம் இல்லை. பத்து வருஷ ஹீட் பம்ப் டிரையரில் கேஸ் கசிவோ கம்ப்ரஸர் பழுதோ வந்தால் செலவு புது மிஷினின் விலையில் பாதியை எட்டிவிடும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பெல்ட், ரோலர், சீல், கெப்பாசிட்டர், ஸ்விட்ச், பிரேக், ஃபியூஸ் போன்ற தேய்மான சாமான்களுக்காக மிஷினை மாற்றுவது, ஊசி முறிந்ததற்கு ஓவர்லாக் மிஷினை விற்பது போல.

நடுவில் நிற்பது சர்க்யூட் போர்டு. உண்மையான தகராறு அங்கேதான். போர்டு கிடைக்காது என்று சொல்லிப் புதுசைத் தலையில் கட்டுகிற வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை முதல் விற்கப்படும் டிரையர்களுக்கு முக்கிய உதிரிப் பாகங்களைப் பல ஆண்டுகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அதே விதியின் மின்சார அளவுகோலை ஹீட் பம்ப் மிஷின்களால்தான் எட்ட முடிகிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் திறந்தது. வீட்டு உபயோகப் பொருள்கள் அதில் ஒரு பிரிவு. சட்டமாகக் கட்டாயப்படுத்தும் நிலை இன்னும் வரவில்லை. ஆனாலும் போர்டு இல்லை என்று கைவிரித்தால் அதை எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள், பில்லில் பாகத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். இந்த இரண்டு பழக்கமே பாதி ஏமாற்றைத் தடுக்கும். மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானால், பழைய மிஷினைப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேர்ப்பதற்கு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளில் வழி இருக்கிறது. தயாரிப்பாளருக்கு அதில் பொறுப்பும் உண்டு. குப்பைமேட்டில் ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவர் கையில் அது போய்ச் சேர வேண்டாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம் வைத்துவிட்டு முடித்துக்கொள்கிறேன். 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் பழுது பார்க்கும் கூடம் என்று ஒன்று தொடங்கினார்கள். பழுதான பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தால், தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்காரவைத்துச் சேர்ந்து சரிசெய்வார்கள். 2015-ல் பெங்களூருவிலும் அது தொடங்கியது. நமக்கு மெக்கானிக்கைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. இங்கே தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பவர் டேபிளில் ஓவர்லாக்கை நிமிஷத்தில் பிரித்துப் பூட்டுகிறவர், ஹைட்ரோவின் பிரேக்கைக் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்கிறவர், ஸ்டென்டர் பர்னரைப் பார்த்தே சூடு சொல்கிறவர், எல்லோரும் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால், நாலு மல்டிமீட்டர், ஒரு தராசு, இவ்வளவு போதும். லைன் வீட்டில் இருப்பவர் செமி ஆட்டோமேட்டிக்கைத் தூக்கி வரட்டும், அபார்ட்மென்ட்காரர் டிரையரின் ஃபில்டரைக் கழற்றி வரட்டும். ஐடிஐ மாணவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும். முதல் கூட்டத்துக்கு மண்டபம் பிடிக்கிற பொறுப்பை இந்தக் கூட்டத்தை நடத்தும் அமைப்பின் நிர்வாகிகள் ஏற்றுக்கொண்டால், கெப்பாசிட்டரும் பெல்ட்டும் வாங்கி வைக்கிற செலவு என்னுடையது. தேதியை மட்டும் இன்றைக்கே குறித்துவிடுங்கள், ஐப்பசி மழை வருவதற்குள் ஒரு கூட்டமாவது நடந்துவிட வேண்டும்.